தோலுக்கும் வயிற்றுக்கும் புறமருந்து: மலையகத்துக் குளிரில் எது பொருந்தும்?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் ஒரு சகோதரி கேட்டிருப்பது இதுதான். கொழுந்து பறிக்கும் அவருடைய அம்மாவுக்கு இரண்டு கைகளிலும் அரிப்போடு கூடிய கரப்பான் (எக்சிமா) இருக்கிறது. மழைக்காலம் வந்தால் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணும் சேர்ந்துகொள்கிறது. நான்கு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல். பக்கத்து லயத்து (வரிசை வீட்டு) அப்பாயி எண்ணெய்ப் பூச்சு, பற்று (அரைத்துத் தடிப்பாக இடுவது), ஒற்றடம், தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம் என்று பலவற்றைச் சொல்கிறார். இவற்றால் உண்மையில் பயன் உண்டா, எவற்றை வீட்டிலேயே செய்யலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் மருந்தின் பெயரில் இல்லை. நோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தை அதற்கேற்ற வேளையில் இடுவதில்தான் இருக்கிறது. சித்த மருத்துவம் உட்கொள்ளும் அகமருந்து முப்பத்திரண்டு, வெளியே இடும் புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்திருக்கிறது. பூச்சு, பற்று, கட்டு, ஒற்றடம், வேது (ஆவி பிடித்தல்), பொட்டணம், தொக்கணம் (உடலைத் தடவிப் பிடித்தல்), களிம்பு, பொடி திமிர்தல் முதலிய எளிய முறைகளோடு, அட்டைவிடல், கீறல், சுட்டிகை (சூடு போடுதல்), அறுவை, பீச்சு (ஆசனவாய் வழியே மருந்து நீர் செலுத்துதல்) போன்ற கடினமான முறைகளும் இந்த முப்பத்திரண்டுக்குள்தான் வருகின்றன. ஆகவே ‘வெளியே தடவுவதுதானே, என்ன கெடுதல் வந்துவிடும்’ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். இவற்றுள் சிலவற்றைப் பாட்டி செய்யலாம். சிலவற்றைப் பயிற்சி பெற்ற வைத்தியர் மட்டுமே செய்ய வேண்டும்.

மற்றொன்றையும் மலையகத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கையில் இருக்கும் முறைகளுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலில் உருவானவை. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கிவிடும் என்பதால், மேட்டுத் தோட்டங்களில் அது பெரும்பாலும் போத்தலுக்குள் கட்டியாகவே இருக்கும். அதை அடுப்பில் வைத்துப் புகைய விட வேண்டாம். போத்தலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி இளக்கினால் போதும். சூரியபுடமாக, அதாவது இலையை எண்ணெயில் ஊறவைத்துப் பல நாள் வெயிலில் காட்டிச் செய்யும் தைலங்களை இங்கே வீட்டில் செய்ய முயல வேண்டாம் என்றே சொல்வேன். காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸ்) இடப்படும் வெட்பாலைத் தைலம் அத்தகையது. வெயில் போதாமல் பனியும் மழையும் மாறி மாறி அடிக்கும் நாட்களில் இலையின் ஈரம் வற்றாது. எண்ணெய்க்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்த எண்ணெயைப் புண்ணில் தடவினால் புதுத் தொற்று வரும். அத்தகைய தைலங்களைச் சித்த வைத்தியசாலையில் வாங்குவதே நல்லது.

இனி அம்மாவின் கைகளுக்கு வருவோம். கரப்பானைப் பார்க்கும்போது அதன் பெயரைவிட முதலில் கவனிக்க வேண்டியது, அது நீர் கசிகிறதா, வறண்டு வெடித்திருக்கிறதா என்பதுதான். நீர் கசியும் கரப்பானில் எண்ணெய் தடவினால் கசிவு உள்ளே அடைபட்டு, சூடும் அரிப்பும் கூடி, சீழ் பிடிக்க வழியாகும். வறண்டு வெடித்த தோலில் பற்றுப் போட்டுக் காயவிட்டால் வெடிப்பு இன்னும் ஆழமாகும். ஒரே எண்ணெயை இரண்டு நிலைகளிலும் தடவிவிட்டு, ‘நாட்டு மருந்து எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கைவிடுவதைத்தான் நான் மிக அதிகமாகக் காண்கிறேன்.

கசிவு இருக்கும் நாட்களில் துவர்ப்புள்ள நீரால் நனைத்த துணியே சிறந்தது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலையின் கஷாயம் நூல்கள் சொல்லும் வழி. அது கையில் இல்லையென்றால், அம்மா நாள் முழுதும் பறிக்கும் அந்தத் தேயிலையே போதும். சீனியும் பாலும் சேராத கடுஞ்சாயத்தில் உள்ள துவர்ப்புப் பொருள், கசியும் தோலின் மேற்புறத்தைச் சுருங்கச் செய்து கசிவைக் குறைக்கும். முகத்தில் கசியும் கரப்பானுக்குத் தேயிலைச் சாய ஒற்றடத்தை ஆங்கில முறைத் தோல் வைத்தியர்களும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு தேக்கரண்டித் தேயிலையை ஒரு கோப்பை நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, வடித்து, முழுதாக ஆறவிட வேண்டும். சுத்தமான பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, கைமேல் பதினைந்து இருபது நிமிடம் இடலாம். நாளுக்கு மூன்று நான்கு முறை, இரண்டு மூன்று நாள் செய்தால் கசிவு குறைவது தெரியும். ஒவ்வொரு முறையும் புதுச் சாயமே எடுக்க வேண்டும். காலையில் போட்டது மாலைக்கு ஆகாது. துணியில் கறை படியும் என்பதைத் தவிர இதில் குறையொன்றுமில்லை.

கசிவு நின்று தோல் உலர்ந்து செதிலாகத் தொடங்கிய பிறகுதான் எண்ணெயின் முறை வருகிறது. புங்கெண்ணெய், அறுகம்புல் சேர்த்துக் காய்ச்சிய அறுகன் தைலம், ஒன்றும் இல்லையென்றால் வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் என எதுவாக இருந்தாலும், கை கழுவித் துடைத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரப்பதம் மிச்சமிருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவுவதைவிட இதன் பயன் பல மடங்கு. எந்தத் தைலமாக இருந்தாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு, தடிப்போ எரிவோ இல்லையென்றால் கைக்கு இட வேண்டும். மூலிகை என்பதாலேயே ஒவ்வாமை வராது என்று நினைப்பது தவறு.

இவ்வளவு செய்தாலும் காரணம் நீங்காவிட்டால் கரப்பான் திரும்ப வரும். காலையிலிருந்து மாலைவரை நனைந்த கொழுந்து, உரம் போட்ட மலையில் வேலை, வீடு திரும்பியதும் கார சவர்க்காரமும் அடுப்புச் சாம்பலும் கொண்டு பாத்திரம் துலக்குதல், குளிர்ந்த தண்ணீர் ஆகியவை ஒன்றுசேர்ந்து தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிடுகின்றன. பாத்திரம் துலக்கும் வேலையைச் சில வாரங்களுக்கு வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது எந்தத் தைலத்துக்கும் குறையாத மருந்து. இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணே மறுபடியும் தண்ணீரில் கையை வைக்கிறாள்.

சேற்றுப்புண்ணுக்கு விதி வேறு. விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம். அங்கே ஈரமும் பூஞ்சணமும்தான் நோய். எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும். கால் கழுவி, ஒவ்வொரு இடுக்காகத் துணியால் ஒற்றி எடுத்து, காற்றுப்பட விட வேண்டும். மருதாணி இலையை அரைத்து இடும் பற்று நல்லது; அதன் நிறப்பொருளுக்குப் பூஞ்சணத்தை அடக்கும் தன்மை உண்டு. ஆனால் பசுமையான இலையையே அரைக்க வேண்டும். கடையில் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் தலைச்சாயப் பொருள் கலந்திருக்கக் கூடும். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். தோட்ட டிஸ்பென்சரியில் கிடைக்கும் விட்ஃபீல்ட் களிம்பும் குளோட்ரிமசோல் கிறீமும் இதற்கு நம்பகமானவை; புண் மறைந்தது போலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்தால் கால் புண்ணுக்கு வீட்டு வைத்தியமே வேண்டாம்.

அரிப்பு இரவில் மிகுதியாகிறதா, விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றிச் சிறு பருக்கள் இருக்கின்றனவா, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அது பெரும்பாலும் கரப்பான் அல்ல, சிரங்கு. தோலுக்குள் துளைத்து வாழும் ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. ஒரே அறையில் பலர் உறங்கும் லயங்களில் இது வேகமாகப் பரவும். வேப்பெண்ணெய் அரிப்பைத் தணிக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிப் பூச்சியை ஒழிக்க முடியாது. ஐந்து வீதப் பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து பாதம்வரை இரவில் பூசி, காலையில் குளித்து, ஏழு நாள் கழித்து மறுமுறையும் பூச வேண்டும். சித்தத்தில் கந்தகம் சேர்ந்த களிம்புகள் இதற்கு நெடுங்காலமாக இருந்துவருகின்றன. ஆங்கில மருத்துவமும் ஐந்து முதல் பத்து வீதக் கந்தகக் களிம்பைச் சிசுக்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதென ஒப்புக்கொள்கிறது. எதைப் பூசினாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் திரும்ப வரும். கம்பளியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடச் சொல்வார்கள். வாரக்கணக்கில் வெயிலே காணாத இடத்தில் அது நடவாது. அவற்றைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும்; மனித உடலை விட்டு அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. மருந்து வேலை செய்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அதற்காக மறுபடி மறுபடி பூச வேண்டாம். சொறிந்த இடம் சீழ்ப்பிடித்துக் குழந்தையின் முகம் வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்கியைப் பற்றியும் அப்பாயி சொல்லியிருப்பார். செங்காவியை (செம்மண் காவி) குழைத்து அக்கி எழுதுவது எரிச்சலைக் குளிர்விக்கும், கொப்புளத்தை உலர்த்தும். அதைச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கி, சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் பல ஆண்டு ஒளிந்திருந்து மீண்டும் எழுவதால் வருவது. கொப்புளம் தோன்றிய 72 மணித்தியாலத்துக்குள் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்கினால், குறிப்பாக வயதானவர்களுக்கு, நோயின் கடுமையும் அந்த நேரத்து வலியும் குறையும். ஆகவே அக்கி எழுதும் அதே நாளில் வைத்தியரையும் பார்க்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். பார்வை போகக் கூடும்.

வீட்டில் ஒருபோதும் தொடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சேங்கொட்டை, எருக்கம்பால், கொடிவேலி வேர், இரவு முழுதும் கட்டி வைக்கும் வெள்ளைப்பூண்டு ஆகியவை தோலைச் சுடும். வெண்புள்ளிக்குக் கார்போகி அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது ஒரு முறை. அதிலுள்ள வேதிப்பொருள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும், அளவு தவறினால் ஆழமான தீக்காயம் வரும். இரசம் (பாதரசம்), அரிதாரம் (ஆர்சனிக் உள்ள கனிமம்), துத்தம் சேர்ந்த களிம்புகளை விறாண்டல் உள்ள தோலில் தடவினால் நஞ்சு உடலுக்குள் இறங்கும். இவை எல்லாம் மருந்துகள்தான், தக்க கையில். அதே அளவு கவலை எனக்கு மருந்துக்கடைக் கிறீம்களிலும் உண்டு. படர்தாமரைக்கு ஸ்டீரொய்ட் கலந்த கிறீமை விசாரியாமல் வாங்கித் தடவினால் முதலில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், அடியில் பூஞ்சணம் பரவும், பிறகு எந்த வைத்தியருக்கும் அடையாளம் தெரியாத உருவில் திரும்பும். உணர்ச்சியற்ற வெளிறிய படைக்கு எந்தத் தைலமும் வேண்டாம். பஞ்சால் தொட்டு உணர்வு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் தொழுநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அதற்கான கூட்டு மருந்து இலங்கையில் இலவசம், முழுக் குணம் உறுதி. பிந்துவதால் மட்டுமே விரல்கள் பழுதடைகின்றன.

இப்போது மகனின் வயிறு. வயிற்றுக்குப் புறமருந்து செய்யும் வேலை முதன்மையாகச் சூட்டினாலும் தடவலினாலும் வருவது. தோலில் படும் மிதமான சூடு குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புகளையும் தணிக்கும். ஓமத்தையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றுவதும், விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலையை வாட்டி வயிற்றில் இடுவதும், சுடுதண்ணீர்ப் பை வைப்பதும் இந்த ஒரே வழியில்தான் உதவுகின்றன. பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவது தீங்கற்றது. அதனுடைய பயனில் பெரும்பங்கு தடவும் விரலின் சூட்டிலிருந்து வருவது என்பது என் கருத்து. தொப்புளில் இருந்து உடலெங்கும் நரம்புகள் பிரிவதாகச் சொல்வது உண்மையல்ல. தொப்புள்கொடியின் இரத்தக் குழாய்களும் பிறந்த பின் மூடிக்கொள்கின்றன. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி விழும்வரை அங்கே எண்ணெயோ சாம்பலோ பொடியோ எதுவும் வைக்கக் கூடாது.

சூட்டின் அளவைப் பெரியவர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சுட்டால் குழந்தைக்கு ஆகாது. உப்பு ஒற்றடம் வெப்பத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் சிறு பிள்ளைகளுக்கு அதைத் தவிர்ப்பேன். குளிருக்குப் பூசும் யூகலிப்டஸ் தைலத்தையும் கற்பூரத்தையும் பிள்ளையின் வயிற்றில் தடவாதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். சிறிதளவு வாய்க்குள் போனாலும் வலிப்பு வரலாம்.

மலச்சிக்கலுக்குத் தடவல் உண்மையாகவே உதவும், திசை சரியாக இருந்தால். இளக்கிய எண்ணெயைக் கையில் எடுத்து, பிள்ளையின் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, பிறகு குறுக்கே இடப்பக்கம், பிறகு கீழே என்று கடிகாரமுள் சுற்றும் வழியில் மெல்ல அழுத்தித் தடவுங்கள். பெருங்குடல் அமைந்திருக்கும் பாதை அதுதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிந்த பிறகு பத்து நிமிடம் போதும். இத்துடன் உணவுக்குப் பின் பிள்ளையை மலங்கழிக்க உட்கார வைக்கும் பழக்கம் முக்கியம், ஏனென்றால் வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும். கோதுமை மா ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டுமே உணவாக இருந்தால் எந்தத் தடவலும் நிலைக்காது. பப்பாசி, கீரை, தண்ணீர் வேண்டும். லயத்துக்கு வெளியே இருட்டில் இருக்கும் மலசலகூடத்துக்குப் போகப் பயந்தே பல பிள்ளைகள் அடக்கிக்கொள்கின்றனர். அதையும் கேட்டுப் பாருங்கள். மலையில் மறைவிடம் இன்றி நாள் முழுதும் அடக்கும் பெண்களின் மலச்சிக்கலுக்கும் அதுவே காரணம். அதற்கு மருந்து மலசலகூடம்தான்.

பீச்சும், ஆசனவாயில் வைக்கும் மருந்துத் திரியான வர்த்தியும் வீட்டில் வேண்டாம். சவர்க்கார நீரைப் பீச்சுவது குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். குடல் ஏற்றம் என்று பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவதையும் துணியில் போட்டு உருட்டுவதையும் உறுதியாக மறுக்கிறேன். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றுக்கு இழுத்து, வெளிறிப்போய், சிவந்த பாகுபோல் மலம் போனால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம்; சில மணித்தியாலங்களுக்குள் ஆஸ்பத்திரி தேவை. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த வேளையில் தடவலும் வேண்டாம், பீச்சும் வேண்டாம், பேதிமருந்து வேண்டவே வேண்டாம். குடல்வால் வெடிக்கக் கூடும். வயிறு பலகைபோல் இறுகினாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

‘வயிற்றைச் சுத்தம் செய்தால் தோல் தானாகத் தெளியும்’ என்பதையும் அப்பாயி சொல்லியிருக்கக் கூடும். சித்தத்தில் தோல் நோய்க்கு முன் பேதி கொடுக்கும் ஒழுங்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது நாடி, வயது, உடல்வலிவு பார்த்து வைத்தியர் கொடுப்பது. நேர்வாளம் என்ற கடும் விதை சேர்ந்த பேதி மருந்தைத் தாமாக உட்கொண்டு நீரிழந்து மயங்குவது நேர்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பேதி என்ற பேச்சே வேண்டாம். தவறிப் பேதி கண்டுவிட்டால் ஜீவனி (நீரிழப்புக்கான உப்புக் கரைசல் தூள்) கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடற்பூச்சிக்கான மருந்தைக் கேட்டுக் கொடுப்பது மட்டும் நல்லது. அது டிஸ்பென்சரியிலேயே கிடைக்கும்.

வைத்தியரிடம் போவதென்றால், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்; ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் பதிவு அதன் வழியாகவே நடக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற தமிழ் வைத்தியர்கள் இருக்கிறார்கள். மொழியால் தயங்குவோருக்கு அது பெரிய உதவி. போகும்போது அம்மா இதுவரை தடவிய எல்லாவற்றையும், பெயர் தெரியாத போத்தல் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மகனுக்கு வயிறு வலித்த நாட்களையும், அன்று என்ன சாப்பிட்டான், மலம் எப்படி இருந்தது என்பதையும் ஒரு கொப்பியில் இரண்டு வாரம் எழுதி வைத்து அதையும் காட்டுங்கள்.